கணினி உறுப்புகளின் பொருத்தம்

சென்னை அண்ணா சாலையை அடுத்துச் சிந்தாதிரிப்பேட்டைப் பகுதியில் ரிட்சி தெரு என்றொரு தெரு உண்டு. நீளத்தில் அது பெரிய தெரு அன்று. ஆயினும் வானொலிக்கு வேண்டிய சிறு திருகு முதல் கணினிக்கு வேண்டிய பெரும்பொருள் ஈறாக மின்னணுப் பொருள்கள் யாவும் அங்கே விலைக்குக் கிடைக்கும். தில்லியில் நேரு பிளேசும், மும்பையில் லாமிங்டன் சாலையும், பெங்களூரில் எஸ்.பி. சாலையும் இத்தகைய இடங்களே. கணினியை முழுதாய் வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கி, வீட்டில் தம் கையாலேயே பூட்டிக்கொள்ள விரும்புவோர் இவ்விடங்களை நாடி வருவர்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரி மாணவன் ஒருவன் தன் தமக்கையுடன் ரிட்சி தெருவிற்கு வந்தான். கணினியில் விளையாடுவதற்கென ஒரு பொறியைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் விருப்பம். அவனுடைய தாய் இரண்டாண்டுகள் கட்டிய சீட்டை எடுத்து அப்பணத்தைக் கொடுத்திருந்தாள். அவன் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதன் முதல் வரியில், மிக உயர்ந்த விலையுள்ள வரைகலை அட்டை ஒன்றின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதற்கே பணத்தில் பெரும்பகுதி போய்விடும். எஞ்சியதை ஏனைய உறுப்புகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தாளின் கடைசி வரி, ‘மின்வழங்கி – கிடைப்பதில் மலிவானது’ என்பது.

கடைக்காரர் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு, “தம்பி, வீட்டில் என்ன திரை வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவினார்.

“பழைய திரைதான் அண்ணா. வினாடிக்கு 60 படம் காட்டும்.”

“அப்படியானால் இந்த அட்டை வரைகின்ற படங்களில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்கே வந்து சேரா. காணாத படத்திற்குக் காசு கொடுப்பானேன்?”

மாணவன் விடை கூறாது நின்றான். “தாளை மறுபடியும் எழுதிக்கொண்டு வருகிறோம், அண்ணா” என்று கூறித் தமக்கை அவனை எதிரே இருந்த தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றாள்.

விலை உயர்ந்த பொருளைக் கேட்டு வந்தவனிடம் இவ்வாறு கூறிய கடைக்காரர், அன்றைய வாணிகத்தில் சிறிது இழந்தார் என்பது உண்மையே. ஆயினும் கணினி அமைப்போர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அவர் கேட்ட கேள்வியேயாகும்.

கணினியின் உறுப்புகளை இவ்வாறு பல கடைகளில் வாங்கிப் பொருத்துதல் எவ்வாறு இயல்வதாயிற்று என்பதை முன்னர் அறிதல் நலம். 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் தனியாள் கணினி ஒன்றை வெளியிட்டனர். அதன் செயலியை இன்டெல் நிறுவனத்தாரிடமிருந்து வாங்கினர். மற்ற உறுப்புகளிலும் பல, வெளிச்சந்தையில் கிடைப்பனவே. கணினியின் உள்ளே ஐந்து பொருத்துவாய்களை அமைத்து, அவற்றின் இயல்பையும் மின்சுற்றுப் படங்களையும் நூலாகவே அச்சிட்டு விற்றனர். ஆதலின், அவ்வாய்களில் பொருந்தும் அட்டைகளைப் பிறரும் செய்யத் தொடங்கினர். பின்னர் முழுக் கணினியையே பிறர் செய்தனர். 1995-இல் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையால், தாய்ப்பலகையின் திருகுத் துளைகள் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் வரையறையாயிற்று. ஒரு நாட்டில் செய்த பலகை மற்றொரு நாட்டில் செய்த பெட்டியினுள் பிசகாமல் உட்காருவது இதனாலேதான்.

விளையாட்டுக்கான கணினி, கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பயன்படும் கணினியினின்றும் வேறுபடுவது எவ்வாறு? கடிதத்தின் பக்கம் அசையாது நிற்கும். விளையாட்டின் காட்சியோ நொடிதோறும் மாறும். விளையாடுவோன் கையை அசைத்த அளவில் காட்சி முழுவதும் புதிதாய் வரையப்பெறல் வேண்டும். வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்தை வரையக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. 144 படங்கள் வேண்டுமாயின் 6.9 மில்லி வினாடியே. கண்ணிமைக்கும் காலத்தினும் மிகக் குறைந்த இவ்விடைவெளிக்குள் இரண்டு வேலைகள் முடிய வேண்டும். பகைவன் எங்கே நிற்கிறான், எறிந்த பந்து எவ்வழியே செல்லும், எந்தச் சுவர் இடிந்தது என்பவற்றைக் கணக்கிடுவது செயலியின் வேலை. அக்கணக்கின்படி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் நிழலும் தீட்டுவது வரைகலை அட்டையின் வேலை. முற்காலத்தில் இரண்டையும் செயலியே செய்துவந்தது. 1996-இல் வெளிவந்த வூடூ என்னும் அட்டை, முப்பரிமாணக் காட்சியை வரையும் வேலையில் பெரும்பகுதியைத் தான் ஏற்றுக்கொண்டு பெரும்புகழ் பெற்றது. அது முதல் விளையாட்டுக் கணினியில் வரைகலை அட்டைக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது.

திரை என்பது புள்ளிகளால் ஆகிய பரப்பு. ஒரு வரிசைக்கு 1,920 புள்ளிகளாக 1,080 வரிசைகள் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் திரையில் வரிசைக்கு 3,840 புள்ளிகளாக 2,160 வரிசைகள். ஆகப் புள்ளிகள் 82,94,400. முன்னதனைப்போல் இது சரியாக நான்கு மடங்கு. இவற்றிடையே 2,560-க்கு 1,440 என்னும் அளவும் உண்டு; அதன் புள்ளிகள் 36,86,400. புள்ளிகள் பெருகப் பெருக வரைகலை அட்டையின் சுமை பெருகும். செயலியின் சுமையோ அவ்வளவாய் மாறாது. ஏனெனில், திரை பெரிதானாலும் சிறிதானாலும் பகைவர் எண்ணிக்கையும் பந்தின் வழியும் மாறுவதில்லை. வினாடிக்கு வேண்டிய படங்களின் எண்ணிக்கை உயர்ந்தாலோ இரண்டின் சுமையும் ஏறும். ஆகவே, எத்தனை புள்ளி, வினாடிக்கு எத்தனை படம் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் அட்டையையோ செயலியையோ தேர்வது, காலின் அளவு அறியாமல் செருப்பு வாங்குவதை ஒக்கும். தேர்வு திரையில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பலரும் நேர்மாறாகவே செய்கின்றனர்.

ஏரி நிறைய நீர் இருப்பினும், மதகு குறுகியதாயின் வயலுக்குப் பாயும் நீர் மதகின் அளவினதேயாகும். மதகை அகலமாக்கி வாய்க்காலைத் தூர்ந்தபடியே விட்டுவிட்டாலும் பயன் இல்லை. விலை உயர்ந்த வரைகலை அட்டையைப் பழைய செயலியுடன் சேர்த்தால், செயலி கணக்கை முடித்துத் தரும் வரையில் அட்டை வாளா இருக்கும். வலிய செயலியை எளிய அட்டையுடன் சேர்த்தால், செயலி காத்திருக்கும். காத்திருக்கும் உறுப்பிற்குக் கொடுத்த மிகுதிப் பணம் அந்த அளவிற்கு வீண்.

தேநீர்க் கடையில் தமக்கையும் தம்பியும் தாளின் பின்புறத்தில் புதிதாக எழுதலாயினர். இம்முறை முதல் வரியில் வந்தது திரை: 1,080 வரிசைகள், வினாடிக்கு 144 படங்கள். அதற்கு ஏற்றதாக, 8 கிகாபைட் நினைவகத்தைத் தன்னுள் உடைய ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் வரைகலை அட்டை. அஃது அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதனுடன் ஈடுகொடுத்து உழைக்க வல்ல ரைசன் 5 7600 என்னும் ஆறு கருக்கள் உள்ள செயலி. முதல் தாளில் ஒரே அட்டை விழுங்கவிருந்த தொகையில் இம்மூன்றும் அடங்கிச் சிறிது மீதமும் நின்றது.

விலையைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதே வேளையில், எண்ணிமப் பணம் ஈட்டும் கணக்குகளுக்காக வரைகலை அட்டைகளைப் பலர் வாங்கிக் குவித்தனர். குறித்த விலையைப்போல் இரு மடங்கு கொடுத்தும் அட்டை கிடைக்காத நிலை வந்தது. எத்தீரியம் என்னும் எண்ணிமப் பணம் 2022 செப்டம்பரில் அம்முறையைக் கைவிட்டபின், உழைத்துத் தேய்ந்த அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழைய அட்டையை வாங்குவோர், அது எத்தகைய உழைப்பில் இருந்தது என்று விசாரித்து, ஓடவிட்டுப் பார்த்து வாங்குதல் வேண்டும். விசிறியின் ஓசையே பல செய்திகளைச் சொல்லும்.

செயலியைத் தேர்ந்தபின் தாய்ப்பலகையைத் தேர்வதில் விருப்பத்திற்கு இடம் குறைவு. ஒவ்வொரு செயலிக்கும் உரிய பொருத்துவாய் ஒன்று உண்டு. அவ்வாய் உள்ள பலகையையே வாங்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏ.எம்.4 வாயில் அமரும் செயலிக்கு ஊசிக்கால்கள் செயலியின் அடியில் உள்ளன. 2022-இல் வந்த ஏ.எம்.5 வாயில் அவ்வூசிகள் பலகையிலேயே உள்ளன. ஒன்றை மற்றதில் அமர்த்த இயலாது. நினைவகமும் அவ்வாறே. ஏ.எம்.4 பலகைக்கு டி.டி.ஆர்.4 வகையும், ஏ.எம்.5 பலகைக்கு டி.டி.ஆர்.5 வகையும் வேண்டும். இவ்விரு வகைத் துண்டுகளின் அடிவிளிம்பிலும் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருத்தலின், தவறான துண்டை அழுத்தினாலும் உள்ளே செல்லாது. செல்லாததை மேலும் அழுத்திப் பலகையை உடைத்தவர்களும் உண்டு!

நினைவகத்தை ஒரே துண்டாக வாங்குவதினும் இரண்டு துண்டுகளாக வாங்குதல் நன்று. 16 கிகாபைட் வேண்டுமாயின் எட்டெட்டாக இரண்டு. பலகைக்கும் நினைவகத்திற்கும் இடையே இரண்டு வழிகள் உள்ளன. ஒரு துண்டு இருப்பின் ஒரு வழியே திறக்கும். நான்கு வாய்கள் உள்ள பலகைகளில், பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமான வாய்களில் இடுமாறு கையேடு கூறும். அக்கையேட்டை உறையிலிருந்து எடுத்துக்கூடப் பாராதவரே மிகுதி.

சேமிப்பகத்தைப் பற்றி நீள ஆராய வேண்டுவதில்லை. சுழலும் வன்தட்டினும் திண்மச் சேமிப்பகம் பன்மடங்கு விரைவானது. அதனால் விளையாட்டு விரைவில் திறக்கும். ஆனால் வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அதனால் கூடுவதில்லை. மாணவன் ஒரு டெராபைட் அளவுள்ளது ஒன்றை எழுதிக்கொண்டான்.

இனி, அவனுடைய முதல் தாளில் கடைசி வரியில் கிடந்த பொருளுக்கு வருதல் வேண்டும். வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட்டு மாறுமின்னோட்டம். கணினியின் உறுப்புகளுக்கு வேண்டுவனவோ 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்னோட்டங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது மின்வழங்கி. கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்பர். இஃது ஒரு படமும் வரைவதில்லை. ஒரு கணக்கும் போடுவதில்லை. விளம்பரங்களில் இதன் பெயர் பெரிய எழுத்தில் வருவதும் அரிது. அதனாலேயே பணம் குறையும்போது முதலில் இதன்மேல் கை வைக்கின்றனர். ஆயின், கணினியின் எல்லா உறுப்புகளோடும் இணைந்து நிற்பது இஃது ஒன்றே. வரைகலை அட்டை கெட்டால் அட்டை மட்டும் கெடும். மின்வழங்கி கெடும்போது, தன்னோடு இணைந்த யாவற்றையும் அழித்துவிட்டுப் போகவும் கூடும்.

நல்ல மின்வழங்கியில், மின்னழுத்தம் மிகுந்தாலும், ஓட்டம் மிகுந்தாலும், குறுக்குச் சுற்று ஏற்பட்டாலும் தானே நின்றுவிடும் காப்பு அமைந்திருக்கும். மிக மலிவானவற்றில் இக்காப்புகள் இல்லாமலோ பெயரளவிலோ இருக்கும். மேலே ஒட்டிய தாளில் எழுதப்பட்ட வாட்டு அளவும் மெய்யாக இராது. ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை திறனைக் காட்டுவது. பாதிச் சுமையில், 115 வோல்ட்டுச் சோதனையின்படி வெண்கல முத்திரை உள்ளது 85 விழுக்காடும், தங்க முத்திரை உள்ளது 90 விழுக்காடும் திறன் காட்ட வேண்டும். எஞ்சியது வெப்பமாகப் போகும். இம்முத்திரை திறனுக்கு உரியதேயன்றிக் காப்பிற்கு உரியதன்று; ஆதலின் அதனோடு, செய்தவர் தரும் உறுதியாண்டுகளையும் நோக்க வேண்டும்.

எத்தனை வாட்டு வேண்டும் என்பதைக் கூட்டிப் பார்த்தே அறியலாம். மாணவன் தேர்ந்த வரைகலை அட்டைக்கு 115 வாட்டு. செயலியின் குறிப்பில் உள்ளது 65 வாட்டு. கடுமையாய் உழைக்கும்போது அது 88 வரை ஏறும். பலகை, நினைவகம், விசிறி முதலியவற்றிற்கு 50 எனக் கொண்டாலும் மொத்தம் 253. திடீரென ஏறும் சுமைக்கும் பின்னாளில் அட்டையை மாற்றுவதற்கும் இடம் விட்டு, 550 வாட்டு உள்ளதை அவர்கள் எழுதினர். முதல் தாளில் இருந்தது போன்ற அட்டைகளோ தாமே பல நூறு வாட்டு உண்பன. 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் அட்டைக்கு மட்டும் 450 வாட்டு வேண்டும். அத்தகைய அட்டைக்கு மலிவான மின்வழங்கி என்பது, யானையைப் பூனைக்கயிற்றால் கட்டுவதுபோலாம்.

கழற்றிப் பூட்டும் மின்கம்பிகள் உள்ள மின்வழங்கிகளில் ஓர் இடர் உண்டு. ஒரு நிறுவனத்தாரின் கம்பி மற்றொரு நிறுவனத்தாரின் மின்வழங்கியில் ஒழுங்காய்ப் பொருந்துவதுபோலவே இருக்கும். உள்ளே ஓடும் இணைப்போ மாறியிருக்கும். 5 வோல்ட்டு செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு பாய்ந்து, சேமிப்பகம் ஒரு நொடியில் கெட்டுவிடும். அதில் இருந்த படங்களும் எழுத்துகளும் போய்விடும். மின்வழங்கியை மாற்றுவோர் அதனோடு வந்த கம்பிகளையே பயன்படுத்தல் வேண்டும். சுவரில் நில இணைப்புள்ள மூன்று துளைச் செருகுவாயும் இருத்தல் வேண்டும். இதற்கு விலக்கே இல்லை.

உறுப்புகள் உண்ணும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகிறது. குளிர்நாட்டு அறையில் பூட்டிய கணினிக்கும், சித்திரை வைகாசியில் 40 பாகை தொடும் சென்னையில் பூட்டிய கணினிக்கும் வேறுபாடு உண்டு. உள்ளே இழுக்கப்படும் காற்றே சூடாயிருப்பின், அது கொண்டுபோகும் வெப்பம் குறைவு. செயலியின் வெப்பம் 95 அல்லது 100 பாகையை நெருங்கினால், அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும், காட்சி தடுமாறும். முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டி பார்வைக்கு அழகியது, காற்றுக்கோ வழியில்லாதது. வலைமுகப்பும், முன்னே காற்றை இழுக்கவும் பின்னே வெளியேற்றவும் விசிறிகளும், கழற்றிக் கழுவத்தக்க தூசு வடிகட்டியும் உள்ள பெட்டியே இந்நாட்டுக்கு ஏற்றது. வரைகலை அட்டையின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்பதை அளந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும். 30 செண்டிமீட்டரைக் கடந்த அட்டைகளும் உண்டு.

நண்பகலில் இருவரும் கடைக்குத் திரும்பினர். கடைக்காரர் தாளின் பின்புறத்தைப் படித்தார். இம்முறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, உறைகளின் முத்திரை குலையாதிருப்பதைக் காட்டி, உறுதிச் சீட்டும் விலைச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். “பலகையைத் தொடுமுன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், தம்பி” என்று மட்டும் கூறினார். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதே அதற்குக் காரணம்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் பாயை விலக்கிவிட்டு, மேசையின்மேல் யாவற்றையும் பரப்பினர். கையேட்டைத் தமக்கை படிக்க, மாணவன் பூட்டினான். பித்தளைத் திருகுகளைப் பெட்டியில் முடுக்கி அவற்றின்மேல் பலகையை அமர்த்தினான். அவை இல்லாவிடின் பலகையின் அடிப்புறம் இரும்பைத் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்படும். செயலியின்மேல் வெப்பப் பசையைப் பட்டாணி அளவு வைத்துக் குளிர்விப்பானை இறுக்கினான். இரவு ஒன்பது மணிக்குப் பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன, திரையில் எழுத்துகள் தோன்றின. தாய் அடுப்பங்கரையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

விளையாட்டைத் திறந்தபோதோ காட்சி நொண்டி நொண்டி நகர்ந்தது. வினாடிக்கு 144 வர வேண்டிய இடத்தில் பதினைந்துகூட வரவில்லை. மாணவன் முகம் வாடினான். “பணம் போயிற்றா?” என்று தாய் கேட்டாள். அவனுக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

தமக்கை கையேட்டை மீண்டும் முதலிலிருந்து படித்தாள். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு பெட்டியின் பின்புறம் சென்று பார்த்தாள். அச்செயலிக்குள்ளேயே எளிய படம் வரையும் பகுதி ஒன்று உண்டு. திரையின் கம்பி, வரைகலை அட்டையில் செருகப்படாமல், அதற்கு ஒரு சாண் மேலே தாய்ப்பலகையின் வாயில் செருகப்பட்டிருந்தது. புதிய அட்டை பெட்டிக்குள் வேலையின்றி இருக்க, செயலியின் அச்சிறு பகுதியே அதுகாறும் தனியாக உழைத்து வந்தது. அவள் கம்பியை உருவி, ஒரு சாண் கீழே செருகினாள்.